காலி பண்ணிடுறோம்

என் புருஷனை வேலை செய்கிற இடத்தில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘சரிங்க’ என்றுதான் கூப்பிடுவார்கள். லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் கெட்ட வார்த்தையில் திட்டினாலும் சரிங்க. ஞாயிற்றுக்கிழமை வா என்று மேலாளர் சொன்னாலும் சரிங்க. எங்கள் கல்யாணப் பேச்சின்போது, ‘பொண்ணு கொஞ்சம் வாய்க்காரி’ என்று என் அப்பா முன்கூட்டியே எச்சரித்தாராம். அதற்கும் சரிங்க என்றுதான் சொல்லியிருக்கிறார் மனிதர்.

அந்தச் சரிங்க ஒரு நாள் எங்கள் வீட்டையே விழுங்கப் பார்க்கும் என்று யாருக்குத் தெரியும்?

நான் பல் செட்டு செய்கிற லேபில் வேலை பார்க்கிறேன். வியாழக்கிழமை நாலு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வந்தபோது, மாடிப்படிக்குக் கீழே துணி தேய்க்கிற அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னை நிறுத்தினாள்.

“ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லலையே! நாளைக்குக் காலி பண்றீங்களாமே?”

“யாரு? நாங்களா? யாருக்கா சொன்னது?”

“மாப்பிள்ளைதான். மத்தியானம் ஒரு குடும்பத்தைக் கூட்டிட்டு மேல போய் உங்க வீட்டு வாசலைக் காட்டிட்டு இறங்குனாரு. திங்கக்கிழமை வந்துடலாம்னு சொன்னதை என் காதால கேட்டேன்.”

மாப்பிள்ளை என்பது எங்கள் வீட்டுச் சொந்தக்காரர். பழைய சொந்தக்காரர் போன வருஷம் இறந்ததும், அவருடைய மகளைக் கட்டியவர் கட்டடத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். நாலு மாடிக்கும் அவர் மாப்பிள்ளைதான். வருகிற வழியெல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்பின் மேல்வரிசையில் மூன்று பல் கட்டின பல். என் தொழிலில் இருப்பவள் அதைத் தெருமுனையிலிருந்தே சொல்லிவிடுவாள். வீடுகளைக் கூடுதல் வாடகைக்கு விடுவதுதான் அவர் திட்டம். இரண்டாம் மாடியில் ஒரு வீட்டுக்குத் தண்ணீரை நிறுத்தியே காலி பண்ண வைத்தார். இன்னொரு வீட்டை இனிக்க இனிக்கப் பேசியே கிளப்பினார். இப்போது எங்கள் முறை போலிருக்கிறது.

மூன்று மாடியையும் ஓட்டமாக ஏறினேன். என் புருஷன் நடு அறையில் பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“என்ன பண்றீங்க?”

“நாளைக்குக் கரப்பான் மருந்து அடிக்க வர்றாங்கல்ல? மாப்பிள்ளை திங்கக்கிழமையே போன்ல சொன்னாரு. சாமானை ஒதுக்கி வெச்சுட்டு ஒரு நாள் வெளிய இருக்கணுமாம். உன்கிட்ட சொல்லலையா நானு?”

“சொன்னீங்க. அவருக்கு ஏதாவது எழுதிக் குடுத்தீங்களா?”

“எழுதியெல்லாம் குடுக்கல. மெசேஜ்ல கேட்டாரு, பதில் போட்டேன்.”

போனைப் பிடுங்கிப் பார்த்தேன். மாப்பிள்ளை அனுப்பியது: ‘வெள்ளிக்கிழமை வீட்டைக் காலி பண்ணிடுவீங்கல்ல? உறுதி பண்ணுங்க.’ கீழே என் வீட்டு மகாராசாவின் பதில்: ‘சரிங்க. வெள்ளி காலை 9 மணிக்குக் காலி பண்ணிடுறோம். சாவியை வாட்ச்மேன்கிட்ட குடுத்துடுறோம்.’ அதற்குக் கீழே, ‘மிக்க நன்றி’ என்று ஒரு கும்பிடு.

நாலு வரியையும் நாலு தரம் படித்தேன். மருந்து என்ற சொல் எங்கேயும் இல்லை. கரப்பான் இல்லை. காலி மட்டும்தான் இருந்தது.

“ஐயோ, கடவுளே! காலி பண்றதுன்னா என்னன்னு நினைச்சீங்க?”

“சாமானைக் காலி பண்றதுன்னு...” என்று இழுத்தவர், பாதியிலேயே நிறுத்தினார். கையிலிருந்த தட்டு பெட்டிக்குள் போகாமல் அப்படியே நின்றது. “அப்போ மருந்து...?”

“மருந்து நமக்குத்தான்.”

நான் கத்தின கத்தலில் உள்ளறையிலிருந்து என் தம்பி வந்துவிட்டான்.

தம்பிக்குப் பதினேழு வயதில் கண் போனது. இப்போது இருபத்தெட்டு. இந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்ததே அவனுக்காகத்தான். அவன் பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். வீட்டுப் படியிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு அடி. எந்த இடத்தில் சாக்கடை மூடி ஆடும், எந்தக் கடைக்காரன் சைக்கிளை நடைபாதையில் சாய்ப்பான், எல்லாம் அவன் காலுக்குத் தெரியும். தனியாகப் போவான், தனியாக வருவான். அதைக் கற்றுக்கொள்ள அவனுக்கு இரண்டு வருஷமும் ஆறு தையலும் ஆயின. வேறு வீடு என்றால் அது ஊருக்கு வெளியேதான் எங்களுக்குக் கட்டுப்படியாகும். அங்கே அவன் மறுபடியும் யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப்போகக் காத்திருக்கிறவனாக ஆகிவிடுவான். அதை நினைத்துத்தான் நான் கத்தினேன். புருஷனை மட்டும் திட்டியதாக அவர் இன்றுவரை நினைக்கிறார். பாதி பயம் அது.

“அக்கா, கத்தி முடிச்சிட்டியா?” என்றான் தம்பி. “மணி நாலரை. வாடகைக்காரங்க உதவி மையம் ஆறு மணி வரைக்கும் இருக்கும். ஆஸ்பத்திரிக்கு வர்ற பாதிப் பேருக்கு நான்தான் அந்த நம்பரைக் குடுப்பேன். கிளம்பு.”

உதவி மையம் என்றால் ஒரு பழைய நூலகத்தின் பின்பக்க அறை. மேசை, இரண்டு நாற்காலி, ஒரு அம்மா. கண்ணாடியைக் கயிற்றில் மாட்டித் தொங்கவிட்டிருந்தார். எங்கள் போனை வாங்கிப் படித்தவர், கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் புருஷனைப் பார்த்த பார்வை இருக்கிறதே! எனக்கே என் மனிதரைப் பார்க்கப் பாவமாகிவிட்டது.

“இதை எழுதுனது நீங்களா?”

“சரிங்க... ஆமாங்க.”

“நல்லா எழுதியிருக்கீங்க. வக்கீல் வெச்சாகூட இவ்வளவு தெளிவா எழுத முடியாது.”

நான் குறுக்கே விழுந்தேன். “அப்போ நாங்க போயாகணுமா மேடம்?”

“இருங்கம்மா. கோர்ட்டு உத்தரவு இல்லாம உங்களை யாரும் வெளிய தள்ள முடியாது. பூட்டை மாத்த முடியாது. கரண்டை, தண்ணியை நிறுத்த முடியாது. அவரு சொந்த வீடா இருந்தாலும் முடியாது. ஆனா நீங்களா போறோம்னு சொல்லி, நீங்களா வெளிய போய், சாவியையும் குடுத்துட்டீங்கன்னா, அதுக்குப் பேரு ஒப்படைப்பு. அப்புறம் நீங்க திரும்ப உள்ள போறதுக்குத்தான் கோர்ட்டுக்குப் போகணும். எத்தனை வருஷம் ஆகும்னு நான் சொல்லமாட்டேன், இன்னைக்கு நீங்க தூங்கணும்.”

“மெசேஜ் போயிடுச்சே.”

“மெசேஜ் மட்டும்தானே போயிருக்கு? நீங்க போகலையே? இப்பவே மறுப்பு எழுதுங்க. மருந்து அடிக்கிறதுக்காக ஒரு நாள் ஒதுங்குறதாத்தான் சொன்னோம், வீட்டை விடலன்னு. அதை நேர்ல குடுத்துக் கையெழுத்து வாங்குங்க. ரெண்டு பேரா போங்க. அதைவிட முக்கியம், நாளைக்கு வீடு ஒரு நிமிஷம்கூடக் காலியா இருக்கக் கூடாது. உள்ள ஆள் இருக்கணும். பூட்டிட்டாங்கன்னா நீங்க உடைக்காதீங்க. உடைச்சா, பூட்டை உடைச்சு நுழைஞ்சான்னு உங்க மேலயே திருப்புவாங்க. போலீஸைக் கூப்பிடுங்க.”

எந்த நம்பர் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதினார். தம்பி அதை வாங்கவில்லை. “எனக்கு மனப்பாடம் மேடம்” என்றான்.

மறுப்புக் கடிதத்தை அங்கேயே உட்கார்ந்து எழுதினோம். இரண்டு பிரதி. என் புருஷன் கையெழுத்துப் போடுமுன் ஒவ்வொரு வரியையும் உதட்டை அசைத்துப் படித்தார்.

வெள்ளிக்கிழமை தம்பியை ஆஸ்பத்திரிக்கே போகச் சொன்னேன். சண்டை நடக்கிற வீட்டில் அவன் எதற்கு என்று பார்த்தேன். அவனோ லீவு சொல்லிவிட்டு வந்து நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

“நீங்க ரெண்டு பேரும் கடிதம் குடுக்கப் போனா உள்ள யாரு இருக்கிறது? கரப்பானா?”

“டேய், தடியனுங்க வருவானுங்கடா.”

“வரட்டும். நான் என்ன அவனுங்க மூஞ்சியைப் பார்த்துப் பயப்படவா போறேன்?”

இவனிடம் பேசி ஜெயிக்க முடியாது. யார் தட்டினாலும் திறக்காதே, வாயே திறக்காதே என்று பத்துத் தரம் சொன்னேன். உள்தாழ்ப்பாள் போடுகிற சத்தத்தைக் கேட்ட பிறகுதான் படி இறங்கினோம். மணி ஒன்பது இருக்கும்.

மாப்பிள்ளையின் ஆபீஸ் தரைத்தளத்தில், வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில். எங்களைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். எல்லாப் பல்லும் தெரிந்தது.

“வாங்க, வாங்க! உட்காருங்க. டீ சொல்லவா? சாவியா?”

“சாவி இல்ல. கடிதம்” என்றேன். “ஒண்ணுல கையெழுத்துப் போட்டுக் குடுங்க.”

வாங்கினார். படித்தார். சும்மா படிக்கவில்லை, எழுத்துக்கூட்டிப் படித்தார். நடுவில் போன் எடுத்து, “ம், ஆரம்பிங்க” என்று ஒருவரிடம் சொன்னார். கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கினார். டீ வந்தது. பேனா எழுதவில்லை. இன்னொரு பேனா தேடினார். ஒரு பக்கக் கடிதத்துக்கு இருபத்தைந்து நிமிஷம்! நானும் மடச்சி மாதிரி டீயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் புருஷன்தான் தலையைத் தூக்கி மேலே கவனித்தார். மெக்கானிக் காது.

“மேல டிரில் ஓடி இப்பத்தான் நின்னுது” என்றார் மெதுவாக.

அந்த நேரத்தில் இரண்டு ஆட்கள் படியிறங்கி வந்தார்கள். ஒருவன் தோளில் கருவிப் பை. இன்னொருவன் முதுகில் மருந்து டப்பா, கையில் குழல். பைக்காரன் புதுச் சாவி ஒன்றை மேசைமேல் வைத்தான்.

“முடிஞ்சுதுங்க. கரண்ட் மெயினையும் ஆஃப் பண்ணியாச்சு.”

மாப்பிள்ளை கடிதத்தைக் கையெழுத்துப் போடாமலே மடித்து என் முன்னால் தள்ளினார். இப்போது சிரிப்பு இல்லை.

“வீட்டை விட்டுட்டீங்க. விட்ட வீட்டைப் பூட்டியாச்சு. சாமானை நாளைக்கு வந்து எடுத்துக்கோங்க.”

என் கண்ணில் பட்டதெல்லாம் அந்த மருந்து டப்பாதான். “மருந்து எங்க அடிச்ச?” என்று அவன் சட்டையைப் பிடித்தேன்.

“வராண்டாவுல... கதவிடுக்குல கொஞ்சம்...”

படிகளை எப்படி ஏறினேன் என்று தெரியாது. இரண்டாம் மாடியிலேயே நாற்றம் மூக்கில் ஏறியது. கண் எரிந்தது. எங்கள் கதவில் புதுக் கொண்டி, பளபளவென்று பெரிய பூட்டு. கீழே மரத்தூள் சிதறிக் கிடந்தது. எங்கள் வீட்டுக்கு வெளிச்சம் வருவதே கட்டடத்துக்கு நடுவில் இருக்கிற காற்றுக்குழிப் பக்கச் சன்னல் வழியாகத்தான். பகலிலும் விளக்கு வேண்டும். மெயினை அணைத்துவிட்டுக் கதவுக்கு மேலே இருக்கிற சின்னச் சன்னல் வழியாக எட்டிப் பார்த்திருக்கிறான்கள். கும்மிருட்டு. கரண்ட் போனதும் யார் சத்தமே போடாமல் இருட்டில் உட்கார்ந்திருப்பார்கள்? யாருமில்லை என்று பூட்டிவிட்டான்கள்.

“தம்பி! டேய்!” கதவை இரண்டு கையாலும் அறைந்தேன்.

பதில் இல்லை. ஒரு நொடி, இரண்டு நொடி. என் உயிர் என்னிடம் இல்லை.

என் புருஷன் தோளில் மாட்டியிருந்த வேலைப் பையிலிருந்து நீளமான ஸ்பேனரை எடுத்துவிட்டார். கொண்டிக்குள் விட்டு நெம்பக் கையை ஓங்கினார். முகம் சிவந்து, உதடு துடித்து... அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. உடைக்கக் கூடாது என்று அந்த அம்மா சொன்னது எனக்கு நினைவிருந்தது. ஆனாலும் நான் தடுக்கவில்லை. வீடு போனால் போகிறது, என் தம்பி வேண்டும்.

“உடைக்காதீங்க மாமா.”

கதவுக்கு அந்தப் பக்கம், தாழ்வாக, தரைப்பக்கத்திலிருந்து வந்தது குரல்.

“ஈரத்துண்டைக் கதவிடுக்குல அடைச்சிட்டுச் சன்னல்கிட்ட போயிட்டேன். இப்பத்தான் இங்க வந்தேன். நல்லாத்தான் இருக்கேன். அக்காவை அழ வேணாம்னு சொல்லுங்க.”

“ஏன்டா அவனுங்க பூட்டும்போது கத்தல?”

“கத்தியிருந்தா திறன்னு சொல்லுவானுங்க. திறக்கலன்னா இடிப்பானுங்க. டிரில் சத்தம் கேட்டதுமே போன் போட்டுட்டேன். பத்து நிமிஷம்னாங்க. ஒன்பதாச்சு. இனிமே நான் பேசமாட்டேன். நீங்களும் நான் உள்ள இருக்கேன்னு சொல்லாதீங்க, வீடு காலின்னு மாப்பிள்ளை வாயாலயே வரட்டும்.”

என் புருஷன் ஸ்பேனரைக் கீழே வைத்தார். “சரி மச்சான்” என்றார்.

மாப்பிள்ளை ஆட்களோடு மேலே வந்தார். பின்னாலேயே இரண்டு போலீஸ்காரர்கள் மூச்சு வாங்க ஏறி வந்தார்கள். அவர்களில் பெரியவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “யாரு போன் பண்ணது?” என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் மாப்பிள்ளை போனை நீட்டிவிட்டார்.

“சார், இவங்களே எழுதிக் குடுத்தது. படிச்சுப் பாருங்க. இப்ப வாடகை வீடு கிடைக்கலன்னு நாடகம் ஆடுறாங்க.”

பெரியவர் படித்தார். என் புருஷனைப் பார்த்தார்.

“காலி பண்ணிடுறோம்னு எழுதியிருக்கீங்களே?”

“மருந்து அடிக்கிறதுக்கு சார்” என்றேன். “நேத்தே மறுப்பு எழுதிட்டோம், இதோ.”

“இதுல அவரு கையெழுத்து இல்லையேம்மா. அதுல உங்க வார்த்தை இருக்கு.” பெரியவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். அவர் குரலில் எங்கள் கதை முடிந்துபோனது. மூட்டை கட்டிக்கொண்டு நடுத்தெருவில் நிற்கிற மாதிரி இருந்தது.

அப்போது என் புருஷன் பேசினார்.

“எழுதுனது நான்தாங்க. தப்புதான். ஆனா எழுதுனபடி நாங்க பண்ணலையே. வீட்டை விட்டுப் போகலையே.”

“போகலையா?” மாப்பிள்ளை சிரித்தார். “சார், சுத்தமாக் காலி. நேத்தே பெட்டி கட்டிட்டாங்க. உள்ள ஒரு ஆள் கிடையாது. என் ஆளுங்க பார்த்துட்டுத்தான் பூட்டுனாங்க.”

“நல்லாப் பார்த்தாங்களா?” என்றார் என் புருஷன்.

“பார்த்தாங்கய்யா! வீடு காலி!”

“சார், இவரு சொல்றதை எழுதிக்குங்க” என்றார் என் புருஷன், பெரியவரிடம். “வீடு காலின்னு சொல்றாரு.”

பெரியவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, “காலிங்கிறீங்க?” என்று மாப்பிள்ளையை மறுபடி கேட்டார்.

“காலி சார். எத்தனை தரம் சொல்றது?”

கதவின் உள்ளே இருந்து மூன்று தட்டு கேட்டது. நிதானமாக, மரியாதையாக.

“வணக்கம் சார்” என்றது தம்பியின் ஆஸ்பத்திரிக் குரல். “போன் பண்ணது நான்தான். நான் இங்கதான் குடியிருக்கேன். இவங்க என்னை உள்ள வெச்சுப் பூட்டி, மருந்தும் அடிச்சிருக்காங்க. கால் மணி நேரமாச்சு.”

மருந்துக்காரன் டப்பாவைத் தோளிலிருந்து கழற்றித் தரையில் வைத்துவிட்டு, தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லாத மாதிரி ஓரடி தள்ளி நின்றான். பெரியவர் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுத்துவிட்டார்.

“ஆளை உள்ள வெச்சுப் பூட்டுனீங்களாய்யா? திற! திறடா முதல்ல!”

மாப்பிள்ளைக்குச் சாவி துவாரத்தில் போகவில்லை. மூன்றாம் தரம் போயிற்று. கொண்டி விலகியதும் உள்தாழ்ப்பாள் திறக்கிற சத்தம். கதவு திறந்தது. உள்ளே ஒரே இருட்டு. வாசற்படிக்கு அந்தப் பக்கம், மூக்கில் ஈரத்துண்டு கட்டிக்கொண்டு தம்பி நின்றான். நான் பாய்ந்து போய் அவனைக் கட்டிக்கொண்டேன். அழுதேன், அதை மறைக்க என்ன இருக்கிறது?

“வாங்க தம்பி, வெளிய வாங்க. காத்தாட நில்லுங்க” என்றார் பெரியவர்.

“வெளிய வரமாட்டேன் சார். நீங்க உள்ள வாங்க. வந்து, யாரு இங்க குடியிருக்கிறதுன்னு பார்த்து எழுதிக்குங்க.”

பெரியவர் படியைத் தாண்டி உள்ளே காலை வைத்தார். வைத்தவர் இருட்டில் தடுமாறிச் சுவரைத் தேடினார். தம்பி கையை நீட்டி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

“பார்த்து சார். வலது பக்கம் பாத்திரப் பெட்டி இருக்கு. நாலு அடி நேரா வாங்க. இப்ப உட்காருங்க, நாற்காலி உங்களுக்குப் பின்னாலதான் இருக்கு.”

போலீஸ்காரர் அவன் சொன்னபடியே நடந்து, அவன் காட்டிய நாற்காலியில் உட்கார்ந்து, குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, எங்கள் விலாசத்தைக் கேட்டார். தம்பி சொன்னான். அவர் எழுதிக்கொண்டார்.